மாமன் ஆகாமல் ஒரு பெண்ணை வளர்த்தது

வேப்பனப்பள்ளியை விட்டுப் பேரிகைச் சாலையில் ஏறி, கடைசி மாந்தோப்பும் பின்னால் போய்விட்டது. அவள் மறுபடியும் சாலையோரம் உட்கார்ந்துவிட்டாள். கால் வலிக்கவில்லையாம். செருப்பில் கல் இல்லையாம். தாகமும் இல்லையாம். சும்மா உட்கார்ந்தாளாம்.

“சும்மா உக்கார்றதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்?”

“நீதான கூட்டினு வந்த. நானா வந்தேன்?”

தலையில் மூட்டை, கையில் அவளுடைய தகரப்பெட்டி, கக்கத்தில் குடை. எனக்கு அப்போது நாற்பத்தைந்துக்குக் கிட்ட வயது. அவளுக்கு எட்டோ ஒன்பதோ. அவளுக்கும் தெரியாது, சொல்ல வேண்டியவள் செத்துப்போயிருந்தாள். அந்த வழியில் பஸ் ஓடியது. ஆனால் இவளைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது. இவள் அம்மாவைக் கிருஷ்ணகிரியில் அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய அன்று, பக்கத்தில் இருந்தவரின் வெள்ளை வேட்டி முழுக்க வாந்தி எடுத்துவைத்தாள். கண்டக்டர் எங்களை நடுவழியில் இறக்கிவிட்டான். டீசல் வாசனை ஆகாதாம். பாதி வயதை லாரியில் கழித்த என் கையில்தானா இந்தப் பிள்ளை வந்து சேர வேண்டும் என்று அன்றைக்கே எரிச்சலாக இருந்தது.

ஐந்தாம் வகுப்போடு வீட்டை விட்டு ஓடியவன் நான். குடகில் காப்பித் தோட்டம், கோலார்ப் பக்கம் செங்கல் சூளை, பிறகு லாரியில் கிளீனர், அப்புறம் இடுப்பு பிடித்துக்கொண்டபோது தோப்புக் காவல். ஓர் இடத்தில் ஒரு பருவத்துக்கு மேல் இருந்ததில்லை. கல்யாணம் வேண்டாம் என்று நான் தீர்மானம் எதுவும் செய்யவில்லை. நிற்கிற இடத்தில் அல்லவா பெண் கேட்க முடியும்.

வேப்பனப்பள்ளியில் கிருஷ்ணகிரி வியாபாரி ஒருவர், பாய் என்போம், மரத்தில் பூ இருக்கும்போதே தோப்புகளைக் குத்தகைக்குப் பிடிப்பார். குரங்குக்கும் திருடனுக்கும் காவல் நான். காய் இறங்கும் மாதங்களில் கொட்டகையில் பெண்கள் உட்கார்ந்து தரம் பிரித்து, வைக்கோல் போட்டுக் கூடையில் அடுக்குவார்கள். இவள் அம்மா அவர்களில் ஒருத்தி. வேதக்காரப் பெண், கிறிஸ்தவள். புருஷன் பெங்களூருக்குப் போனவன், வரவில்லை. நல்ல வேலைக்காரி. என்னோடு பேசியதெல்லாம் “அண்ணா, அந்தக் கூடையக் கொஞ்சம் தள்ளுங்க” என்கிற அளவுதான். காய்ச்சலில் படுத்தாள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், போய்விட்டாள். சாகும்போது என் கையில் பிள்ளையை ஒப்படைத்தாள் என்றெல்லாம் பிற்பாடு ஊரில் கதை கட்டினார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அடக்கம் முடிந்து திரும்பியதும் எல்லாப் பெண்களும் அவரவர் வீட்டுக்குப் போனார்கள். இவளுக்குப் போக வீடு இல்லை. என் காவல் குடிசைக்கு வந்து கயிற்றுக்கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். எழுந்து போ என்று நான் சொல்லவில்லை. பிள்ளை எடுத்து வளர்த்தது என்றால் நடந்தது இவ்வளவுதான்.

வளர்ப்பது என்றால் என்னவென்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது. இவள் களி தின்ன மாட்டாள். கேழ்வரகுக் களியைத் தவிர வேறு எதுவும் சுலபத்தில் கிடைக்காத சீமை இது. அரிசி கண்ணில் படாத வருஷங்கள் வேறு. தட்டில் களி உருண்டையை வைத்தால் அதன் நடுவில் விரலால் குழி பறித்து, குழம்பை ஊற்றி, கிணறு என்று சொல்லிவிட்டு எழுந்துபோவாள். தலைமுடி இன்னொரு சங்கடம். எனக்குத் தெரிந்த முடிச்சு லாரித் தார்ப்பாய்க்குப் போடும் முடிச்சு ஒன்றுதான். அதையே போட்டேன். அவிழ்க்க முடியாமல் கொட்டகைப் பெண்கள் கத்தரிக்கோல் எடுக்க வேண்டியதாயிற்று. எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை அவள் வாய். யார் எதைக் கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவாள். தெலுங்கில் கேட்டால் தெலுங்கில், கன்னடத்தில் கேட்டால் கன்னடத்தில். பாய் வந்து “காவல் எல்லாம் எப்படி?” என்று கேட்ட ஒரு நாள், “மத்தியானம் தூங்கிட்டாரு, குரங்கு வந்துச்சு, நான்தான் கல்லு வுட்டேன்” என்றாள்.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். காது குத்துதான் என்னைக் கவிழ்த்தது.

அவளுக்குக் குழந்தையில் குத்திய காது தூர்ந்துபோயிருந்தது. கம்மலை விற்ற பிறகு துளையில் வேப்பங்குச்சி வைக்க அவள் அம்மாவுக்கு நேரம் இருந்திருக்காது. கொட்டகையில் பெண்களுக்குத் தலைவியாக ஒரு அம்மாள் இருந்தாள். மேஸ்திரியம்மா என்போம். தெலுங்கு பேசுகிற பெரிய குடும்பம். நாலு மருமகள்கள், ஒரு பட்டி ஆடு. “தாயில்லாப் பொண்ணு மூளிக் காதோட நிக்குதே, மறுபடி குத்திடலாம்ப்பா” என்று அவள்தான் ஆரம்பித்தாள். நல்ல காரியம்தானே என்று நானும் தலையாட்டினேன். ஆசாரி வந்தார். தேங்காய், பழம், ஒரு சிவப்புப் பாவாடை வாங்கி வரச் சொன்னார்கள். வாங்கிவந்தேன். “யார் மடியில உக்கார வெக்கிறது?” என்று ஆசாரி கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பிள்ளை துள்ளாமல் பிடித்துக்கொள்ள ஒரு ஆம்பிளை வேண்டும் என்று நினைத்து உட்கார்ந்தேன். அவள் துள்ளினாள், என் கையைக் கடித்தாள், காது குத்தியாயிற்று.

தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் சடங்குகளை எல்லாம் லாரி மேலிருந்து பார்த்துக்கொண்டே போனவன் நான். மாமன் இல்லாத இடத்தில் ஒருவன் உட்கார்ந்தால் அவன் மாமனாகவே ஆகிவிடுவான், அந்த உரிமை எல்லாம் அவன் தலையில் வந்து ஏறும் என்று யார் கண்டது? அந்தப் பக்கத்தில் தமிழோ தெலுங்கோ கன்னடமோ, அக்காள் மகளைக் கட்டுகிற முதல் உரிமை மாமனுக்குத்தான். மற்றவர்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மறுநாள் டீக்கடைக்காரன் கேட்டான்: “என்னாண்ணா, மாமன் ஆயிட்டீங்க. இனிமே கவலை இல்ல. கொஞ்ச வருசம் பொறுத்தா வூட்டுக்கு ஆளாச்சு.”

“யோவ், எனக்கு அவ அப்பன் வயசுய்யா.”

“எங்க மாமனாருக்கும் மாமியாருக்கும்கூட அப்டிதான். நல்லாத்தான இருக்காங்க?”

சட்டையைப் பிடிக்கப் போனேன். அவன் ஏன் கோபம் என்று புரியாமல் முழித்தான். அதுதான் எரிச்சல். யாராவது கெட்ட எண்ணத்தோடு பேசியிருந்தால் திருப்பி அடித்திருப்பேன். எல்லாரும் எனக்கு நல்லது நடந்துவிட்டதாகச் சந்தோஷப்பட்டார்கள். இல்லை என்று மறுத்தால், வெட்கப்படுகிறான் என்று சிரித்தார்கள்.

காய் இறக்கி முடிந்து கொட்டகை மூடுகிற சமயம் மேஸ்திரியம்மா குடிசைக்கு வந்தாள்.

“பொண்ணை எங்க வூட்ல வுட்டுடுப்பா.”

“எதுக்கும்மா?”

“கட்டிக்கப் போற பொண்ணை ஒரே கூரையில வச்சினு இருந்தா நல்லாவா இருக்கும்? முறைன்னு ஒண்ணு இருக்குதுல்ல. எங்க வூட்ல வளரட்டும். ஆடு மேய்க்கும், மருமவளுங்களுக்குக் கூடமாட இருக்கும். பெரியவளானா நீ வந்து முறையா கேளு, குடுக்கறோம்.”

“யாரும்மா கட்டிக்கப் போறது? நான் சொன்னனா?”

“மடியில உக்கார வச்சியே, அப்பறம் என்னா?”

இதற்கு மேல் பேசிப் பயனில்லை. அவள் வீட்டில் விட்டால் பள்ளிக்கூடம் என்ற பேச்சே இருக்காது. ஆட்டுப் பட்டியில் சம்பளமில்லாத வேலைக்காரியாக இருப்பாள், கடைசியில் என்னை மாப்பிள்ளை என்று கூப்பிடுவார்கள். விடமாட்டேன் என்றால் குடிசைச் சொந்தக்காரர் காலிசெய்யச் சொல்கிறார், முறை தவறக்கூடாதாம். மத்திகிரிப் பக்கம் கன்னியர் மடம் ஒன்று இருக்கிறது, தாயில்லாப் பெண்களை வைத்துப் படிக்கவைப்பார்கள் என்று பாய்தான் சொன்னார். அங்கே விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். விட்டுவிட்டு நான் என் வழியில் கொடியாளமோ கோலாரோ போகலாம். உண்மையைச் சொன்னால் அந்த நினைப்பு எனக்கு மிகவும் ஆறுதலாக இருந்தது.

அப்படித்தான் அந்தச் சாலையில் நடந்துகொண்டிருந்தோம். அவள் சும்மா உட்கார்ந்துகொண்டிருந்தாள்.

பின்னால் ஒரு மாட்டுவண்டி வந்தது. காலி எண்ணெய்த் தகரங்களை ஏற்றிக்கொண்டு பேரிகைக்குப் போகிற கன்னடக்காரர். கேட்காமலேயே நிறுத்தினார். மாட்டுவண்டி அவளுக்கு ஆகும் என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். ஏறி உட்கார்ந்தோம். கொஞ்ச தூரம் போனதும் அவர் திரும்பி அவளைக் கேட்டார்: “அப்பாகூட எந்த ஊருக்கும்மா?”

“இவரு அப்பா இல்ல,” என்றாள்.

“பெரியப்பாவா?”

“இல்ல. மாங்காத்தோப்புக் காவக்காரரு. எங்கம்மா செத்துட்டா. விடியறதுக்கு முன்னாடியே எழுப்பிக் கூட்டினு வந்துட்டாரு. மேஸ்திரியம்மாகிட்ட சொல்லல.”

வண்டிக்காரர் மாட்டை இழுத்துப் பிடித்தார். வண்டி நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தார். சாட்டையின் கைப்பிடிப் பக்கத்தைக் கையில் மாற்றிக்கொண்டதையும் நான் பார்த்தேன்.

“பிள்ளையைத் தூக்கினு போறியா? பேரிகையில போலீஸ் இருக்குது, வா போலாம்.”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா செத்தது, கொட்டகை, காய்ச்சல், களி. அவர் முகத்தில் எதுவும் ஏறவில்லை. சொந்தம் இல்லாத பெண்ணை ஒருவன் எதற்கு அழைத்துக்கொண்டு நடக்கிறான் என்பதற்கு அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது. கடைசியில் அலுத்துப்போய்ச் சொன்னேன்: “மாமன்யா. நான்தான் மடியில உக்கார வச்சுக் காது குத்தினேன். காதைப் பாரு.”

அவள் தலையைத் திருப்பிக் காதைக் காட்டினாள். அதுவும் உண்மைதானே, மறுக்க அவளுக்கு ஒன்றும் இல்லை.

“அட! இதை முதல்ல சொல்றதுக்கென்ன?” வண்டிக்காரரின் முகம் மலர்ந்துவிட்டது. சாட்டையைத் திருப்பிப் பிடித்தார். இடுப்பிலிருந்து வெற்றிலைப் பையை எடுத்து நீட்டினார். “அக்கா மகளா! நல்லதாப் போச்சு. இப்பவே உன்னை இப்டி மாட்டி வுடுதே, பின்னால எப்டி வச்சிருக்கும் பாரு.” பேரிகை வரைக்கும் தன் மாமன் மகளைத் தான் கட்டிய கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். எந்தச் சொல்லை விட்டு ஓடிவந்தேனோ அந்தச் சொல்லை வைத்துத்தான் அன்றைக்குப் போலீசிலிருந்து தப்பினேன். வெற்றிலையை வெளியே துப்பினேன். தனக்கு ஏன் தரவில்லை என்று அவள் சண்டை போட்டாள்.

அன்று பேரிகைச் சந்தைக் கொட்டகையில் தங்கி, மறுநாள் பாகலூர், ஓசூர் என்று நடந்து, சாயங்காலம் மத்திகிரி போய்ச் சேர்ந்தோம். மடத்தில் வெளியே வந்தவர் வயதான கன்னியாஸ்திரி. தெற்குச் சீமைப் பேச்சு. மதர் என்று கூப்பிட வேண்டும் என்று வாசலில் இருந்த சமையற்காரப் பெண் சொல்லிக்கொடுத்தாள். அந்த அம்மாள் எங்களை உட்காரச் சொல்லவில்லை.

“பிள்ளைக்கு நீரு யாரு?”

வண்டிக்காரரிடம் பலித்தது நினைவில் இருந்தது. “மாமனுங்க, மதர்” என்றேன்.

“அப்படின்னா சேர்த்துக்க மாட்டேன். கூட்டிட்டுப் போம்.”

“ஏங்க?”

“ஏனா? இந்தப் பக்கத்து மாமன்மார நான் நல்லாப் பாத்துட்டேன். பொடிப்பிள்ளையா கொண்டாந்து விடுதிய. நாங்க சோறு போட்டு, எழுத்து சொல்லிக்குடுத்து ஆளாக்குனா, அஞ்சாவது முடிக்க விடாம வந்து நிக்கிய, கட்டிக்கப் போறேன்னு. உமக்கு வயசு என்ன? வெக்கமா இல்ல?”

இரண்டு நாளாக அடக்கிவைத்த எரிச்சல் எல்லாம் அப்போது தலைக்கு ஏறியது. நான் என்ன சொன்னேன் என்பது முழுதாக நினைவில்லை. குரலை உயர்த்தினேன். இந்தச் சீமையில் மாமன் இல்லை என்றால் திருடன் என்கிறார்கள், மாமன் என்றால் மாப்பிள்ளை என்கிறார்கள், ஒரு பிள்ளைக்குக் கஞ்சி ஊற்றுகிறவனுக்கு உங்கள் யாரிடமும் ஒரு பெயர் இல்லையா என்று கேட்டேன். சமையற்காரப் பெண் உள்ளே ஓடிவிட்டாள்.

மதர் என்னை விட்டுவிட்டு அவளைக் கேட்டார்: “நீ சொல்லுத்தா. இவரு யாரு?”

“காவக்காரரு,” என்றாள். “மாமன் எல்லாம் இல்ல. மடியில உக்காரச் சொன்னாங்க, உக்காந்தேன். வலிச்சுது, கடிச்சேன்.”

“உன்னைய நல்லா வச்சுக்கிட்டாரா?”

அவள் யோசித்தாள். “களிதான் போடுவாரு. ஜடை போடத் தெரியாது. அம்மா செத்தப்ப மத்தவங்க எல்லாம் போயிட்டாங்க, இவரு போவல.”

மதரின் முகம் கொஞ்சம் இளகியது. எங்களை உட்காரச் சொன்னார். “சரி. யாருமில்லாத பிள்ளைன்னா எடுத்துக்கிடுதோம். விட்டுட்டுப் போம். ஆனா ஒண்ணு. பொறவு வந்து பாக்கணும், கூட்டிட்டுப் போகணும்னு கேக்கக் கூடாது. சொந்தக்காரங்களைத்தான் உள்ளே விடுவோம். நீரு யாருமில்லைன்னு பிள்ளையே சொல்லிட்டுது.”

நான் கேட்டு வந்தது இதுதான். என் மூட்டையும் வாசலில் தயாராக இருந்தது. எழுந்தேன். அவள் அழுவாள், காலைக் கட்டிக்கொள்வாள், அதைக் கழற்றிவிட்டுப் போக வேண்டியிருக்கும் என்று மனத்தைத் திடப்படுத்திக்கொண்டேன். அவளோ மதரிடம், “இங்க சோறா களியா?” என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

“சோறுதான்.”

“தெனமும்?”

“கோதுமைக் கஞ்சியும் உண்டு. களி கிடையாது.”

“அப்ப சரி,” என்று தகரப்பெட்டியைத் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டாள்.

எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியாது. கேவலம், ஒரு பிடிச் சோறு. எத்தனை கிணறு பறித்திருப்பாள் என் களியில். இந்தப் பெட்டியைத் தூக்கித் தூக்கி என் தோள் இற்றுப்போயிற்று. போய்வா என்று ஒரு வார்த்தை இல்லை. நான் போய் அந்தப் பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கினேன்.

“விடல மதர்,” என்றேன். “பிள்ளையை நானே வச்சிக்கிறேன்.”

“சோறு போச்சு,” என்றாள் அவள்.

மதர் வாசலில் இருந்த என் மூட்டையைப் பார்த்தார். “கூட்டிட்டு எங்க போவீரு? அடுத்த தோப்புக்கா? அது முடிஞ்சா அதுக்கடுத்த தோப்புக்கா? பிள்ளைய ரோட்டுலயே வளர்க்கப் போறீரா?” நான் தகரப்பெட்டியைக் கீழே வைத்தேன். “ஒரு எடத்துல இரும். நிலையா ஒரு வேலை, ஒரு கூரை. காலையில பள்ளிக்கூடத்துல கொண்டாந்து விடும், சாயங்காலம் கூட்டிட்டுப் போம். அப்படின்னா நான் படிக்கவைக்கேன். முடியாதுன்னா இப்பவே விட்டுட்டுப் போம். அங்கயும் இங்கயும் கால வச்சுக்கிட்டுப் பிள்ளை வளர்க்க முடியாது.”

அன்று அவளைச் சமையற்காரப் பெண்ணின் வீட்டில் படுக்கவைத்தார்கள். அங்கே அவளுக்குச் சோறு கிடைத்தது. தின்றுவிட்டு என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லியும் முடித்திருக்கிறாள். காலையில் அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அரசாங்க மாட்டுப் பண்ணையில் ஆள் எடுக்கிறார்கள், குடும்பம் இருப்பவர்களுக்குத்தான் வரிசையாகக் கட்டிய லைன் வீடு தருவார்கள், போய்ப் பாருங்கண்ணா என்றாள்.

பண்ணையில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு விடுகிறவர் தாடி வைத்த பெரியவர். என் கையைத் திருப்பிக் காய்ப்பைப் பார்த்தார். மாட்டுக்குப் பயமா என்று கேட்டார். பிறகு, “குடும்பஸ்தனா?” என்றார்.

“ஆமாங்க. நானும் ஒரு பொண்ணும்.”

“மகளா?”

எனக்கு முன்னால் அவள் முந்திக்கொண்டாள். “மக இல்ல.” நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“பின்ன?”

“வளக்கறாரு,” என்றாள்.

பெரியவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “வளக்கறாருன்னா அப்ப குடும்பந்தான். அதுல என்னா கேள்வி?” என்று சொல்லிவிட்டு, லைன் வீட்டுச் சாவிக்கு ஆள் அனுப்பினார்.

காளைக் கொட்டகையில் சாணி அள்ளி, தரை கழுவி, புல் அறுத்துப் போடுகிற வேலை. பருவம் முடிந்தால் தீர்ந்துபோகிற வேலை இல்லை. மாடு வருஷம் முழுக்கச் சாணி போடும். நான் கேட்டிருந்தால் ஒரு நாள் கழித்துச் சேர்ந்திருக்கலாம். கேட்கவில்லை. அவளைப் பள்ளிக்கூட வாசலில் தள்ளிவிட்டு வந்து, வேட்டியை மடித்துக் கட்டி, கூடையும் மண்வெட்டியும் வாங்கிக்கொண்டு முதல் கொட்டிலுக்குள் இறங்கினேன்.